பப்பா ராவல்: மாடு மேய்த்த மன்னன்

சென்ற ஆண்டு இரண்டாம் தவணையில் எங்கள் வரலாற்று டீச்சர் ஒரு பெட்டிக்குள் சிறு கடதாசித் துண்டுகளைப் போட்டு எங்கள் முன்னால் நீட்டினார். ஒவ்வொரு துண்டிலும் இந்தியாவில் ஓர் அரச வம்சத்தைத் தொடக்கிவைத்த ஒருவரின் பெயர் இருந்தது. யாருடைய பெயர் வருகிறதோ அவருடைய வாழ்க்கையை எழுதி ஒப்படையாகக் கையளிக்க வேண்டும். எனக்கு முன்னால் எடுத்தவளுக்குச் சந்திரகுப்த மௌரியர் கிடைத்தார். அடுத்தவளுக்குப் பாபர். இருவரைப் பற்றியும் நூலகத்தில் புத்தகங்கள் இருந்தன. எனக்கு வந்த துண்டில் பப்பா ராவல் என்றிருந்தது. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பெயரை வாசித்ததும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசைத் தோழி ஒருத்தி அதை வாப்பா ராவல் என்று மாற்றிச் சொன்னாள். சொன்ன பிறகுதான் என் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் முகம் வாடிப்போனது. அவளுக்காக நான் சிரித்துவிட்டேன். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது வாப்பா எங்களைவிட்டுப் போனார். அவர் முகத்தைவிட அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளே எனக்கு நன்றாகத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், தோழி சொன்னது பிழையல்ல. பிராகிருத மொழியில் பப்பா என்றால் தந்தை. காஞ்சிபுரத்துப் பல்லவர்களின் பழைய செப்பேடுகளில்கூட மன்னர்கள் தங்களைத் தந்தையின் பாதங்களுக்குப் பணிந்தவர்கள் என்று சொல்லுமிடத்தில் இந்தச் சொல் வருகிறது. ஆகவே பப்பா ராவல் என்பது பெற்றோர் வைத்த பெயராக இல்லாமல், மக்கள் பிற்காலத்தில் அன்போடு அழைத்த பெயராக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ராவல் என்பது பட்டம். பெயருமின்றிப் பட்டத்தோடு மட்டும் நிற்கும் ஒரு தந்தை! அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் அக்கறை பிறந்தது.

இன்றைய இராஜஸ்தானின் தென்பகுதியில், ஆரவல்லி மலைகளின் மடியில் கிடக்கும் நாடு மேவார். உதயப்பூரும் சித்தோரும் அங்கேதான் உள்ளன. அந்நாட்டை ஆண்டவர்கள் குஹிலர் என்னும் இராஜபுத்திர வம்சத்தினர். அவர்களின் வழிவந்தவர்கள் 1948 ஆம் ஆண்டு மேவார் இராஜஸ்தானோடு இணையும்வரை அரியணையில் இருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மரபு ஒரே நாட்டை ஆண்டது என்பது உலகில் அரிதான செய்தி. அந்த மரபின் மூலபுருஷராக மேவார் மக்கள் போற்றுவது பப்பா ராவலை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது பாணர்களும் கோயில் ஏடுகளும் காத்துவந்த கதை. மேவாரில் ஆங்கிலேயரின் அரசியல் முகவராக இருந்த கேணல் ஜேம்ஸ் டொட் என்பவர் இதைக் கேட்டு எழுதி, 1829 இலும் 1832 இலும் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். உலகம் பப்பா ராவலை அறிந்தது பெரும்பாலும் அந்த நூல் வழியாகவே.

குஜராத்தில் வல்லபி என்னும் நகரம் பகைவரிடம் வீழ்ந்தபோது, அந்நாட்டு அரசி புஷ்பாவதி யாத்திரை சென்றிருந்தாள். கணவன் இறந்த செய்தி வழியில் எட்டியது. நிறைமாதக் கர்ப்பிணியான அவள் ஒரு மலைக்குகையில் மகனைப் பெற்றாள். குகையில் பிறந்ததால் அவனுக்குக் குஹன் என்று பெயர். குழந்தையைக் கமலாவதி என்ற பிராமணப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் தீயில் இறங்கினாள். குஹன் ஈடர் மலைக்காட்டில் பில் பழங்குடிச் சிறுவர்களோடு விளையாடி வளர்ந்தான். ஒருநாள் விளையாட்டில் அவனை அரசனாக்கிய சிறுவர்கள், திலகமிடக் குங்குமம் இல்லாததால் ஒருவன் தன் விரலைக் கீறி இரத்தத்தால் பொட்டிட்டான். விளையாட்டு பின்னர் நிஜமாயிற்று. அவன் பெயரால் வம்சம் குஹில வம்சமாயிற்று.

சில தலைமுறைகள் கழிந்தன. அந்த வம்சத்தின் நாகாதித்தன் ஈடரை ஆண்டான். அந்நியர் ஆட்சியைப் பொறுக்காத பில் மக்கள் எழுந்து, வேட்டைக்குச் சென்ற அவனைக் கொன்றார்கள். அவனுடைய மகனுக்கு அப்போது மூன்று வயது. அந்தச் சிறுவன்தான் பப்பா.

இங்கே ஒரு விடயத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தந்தையைக் கொன்றவர்கள் பில் மக்கள். குழந்தையைக் காட்டு வழியே தூக்கிச் சென்று மறைத்துக் காத்தவனும் ஒரு பில். கமலாவதியின் வழிவந்த பிராமணக் குடும்பத்தார் குழந்தையை நாக்தா என்ற ஊருக்குக் கொண்டு சேர்த்தார்கள். இரண்டு பில் தோழர்கள் அவனோடு கூடவே வளர்ந்தார்கள். ஒரு கூட்டத்தார் செய்த கொலைக்காக அந்தக் கூட்டத்தார் எல்லோரையும் பகைவராக எண்ணியிருந்தால், அந்தக் குழந்தை முதல் இரவையே கடந்திருக்காது.

நாக்தாவில் அரச குலத்துப் பிள்ளை மாடு மேய்த்தான். அவன் யார் என்பது ஊருக்குத் தெரியாது. அங்கே நடந்ததாக ஒரு கதை உண்டு. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் இரசித்தார்கள். ஊஞ்சல் திருவிழா நாளில் அவ்வூர்த் தலைவனின் மகளும் தோழியரும் தோப்புக்கு வந்தார்கள். ஊஞ்சல் கட்டக் கயிறு இல்லை. மாடு மேய்க்கும் பையனிடம் கயிறு கேட்டார்கள். முதலில் தன்னோடு கல்யாண விளையாட்டு விளையாடினால் கயிறு தருவதாக அவன் சொன்னான். பெண்பிள்ளைகள் கைகோத்து மரத்தைச் சுற்றி வந்தார்கள்; கயிறு கிடைத்தது; ஊஞ்சல் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். சிலகாலம் கழித்துத் தலைவன் மகளுக்கு வரன் பேச வந்தவர்களோடு வந்த ஒருவர் அவள் கைரேகையைப் பார்த்து, இவளுக்கு ஏற்கனவே திருமணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். வீடு கலங்கியது. விசாரித்ததில் ஊஞ்சல் விளையாட்டு வெளிப்பட்டது. தண்டனைக்குப் பயந்து பப்பா மலைக்கு ஓடினான். கதை சிரிப்பாக இருந்தாலும், அந்தப் பெண்பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதை எங்களில் சிலர் கவனித்தோம்.

மற்றொரு கதை பசுவைப் பற்றியது. அவன் மேய்த்த பசுக்களில் ஒன்று மாலையில் பால் கொடுக்காமல் திரும்பியது. பையன்தான் காட்டில் பாலைக் குடித்துவிடுகிறான் என்று வீட்டார் சந்தேகித்தார்கள். பழியைப் பொறுக்காத பப்பா மறுநாள் பசுவின் பின்னாலேயே சென்றான். அது ஓர் ஒதுக்குப்புறப் பள்ளத்தாக்கில், தவமிருந்த ஹாரீதர் என்ற சைவத் துறவியின் முன் நின்று பாலைச் சொரிந்தது. அன்றிலிருந்து பப்பா அந்தத் துறவிக்குப் பணிவிடை செய்தான். துறவி அவனுக்கு அறிவும் அரசும் அருளினார். இன்று உதயப்பூருக்கு வடக்கே ஏகலிங்கர் கோயில் இருக்கும் இடம் அதுவென்று மேவார் மக்கள் நம்புகிறார்கள். பிற்கால மேவார் மன்னர்கள் தங்களை அரசர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஏகலிங்கரே அரசர், தாங்கள் அவருடைய திவான் மட்டுமே என்றார்கள்.

துறவி விண்ணுலகு செல்லும் நாளில் பப்பா தூங்கிவிட்டுப் பிந்தி வந்தானாம். மேலெழுந்துகொண்டிருந்த துறவி அவனை வாயைத் திறக்கச் சொல்லி எச்சிலை உமிழ்ந்தார். அருவருத்து அவன் விலக, அது காலில் விழுந்தது. வாயில் விழுந்திருந்தால் சாகாவரம் கிடைத்திருக்கும். காலில் விழுந்ததால் ஆயுதங்களால் காயப்படாத வரம் மட்டும் கிடைத்தது என்று கதை முடிகிறது. தன் தலைவனைப் புகழவந்த கதையே அவன் தூங்கியதையும் அருவருத்ததையும் மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் பப்பா சித்தோருக்குப் போனான். சுற்றிலும் சமவெளி கிடக்க, நடுவில் ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்தில் கப்பல்போல் எழுந்து நிற்கும் குன்றின் மேல் அமைந்த கோட்டை அது. அதை ஆண்டவர்கள் மோரி எனப்பட்ட மௌரியக் கிளையினர். மோரி மன்னன் தாய்வழி உறவென்று பப்பாவை வரவேற்று நிலமும் பதவியும் தந்தான். பழைய தளபதிகள் பொறாமை கொண்டார்கள். பகைவர் படையெடுத்து வந்தபோது, புதியவனையே போருக்கு அனுப்புமாறு சொல்லித் தங்கள் மானியப் பட்டயங்களை வீசி எறிந்தார்கள். பப்பா படை நடத்தினான். வெட்கமடைந்த தளபதிகளும் உடன் சென்றார்கள். பகைவர் தோற்றனர்.

வெற்றிக்குப் பிறகு நடந்ததை டொட் மறைக்கவில்லை. மன்னன்மேல் மனம் கசந்த தளபதிகள் பப்பாவோடு சேர்ந்தார்கள். பப்பா தன்னை ஆதரித்த மாமனிடமிருந்தே சித்தோரைப் பறித்துக்கொண்டான். டொட் கணக்கின்படி அது கி.பி. 728, வெற்றியாளனுக்கு வயது பதினைந்து. முடிசூட்டின்போது நாக்தாவிலிருந்து கூடவே வந்த பில் தோழன் தன் பெருவிரலைக் கீறி, அந்த இரத்தத்தால் நெற்றியில் திலகமிட்டான். மேவாரின் அரச சின்னத்தில் ஒருபுறம் இராஜபுத்திர வீரனும் மறுபுறம் பில் வீரனும் நிற்பது அந்த நட்பின் அடையாளம்.

இதுவரை எழுதிவிட்டு நான் நிறுத்திவிட்டேன். காரணம், சித்தோர்மேல் படையெடுத்து வந்த பகைவர் யார் என்ற கேள்வி. சிந்துவிலிருந்து வந்த அரபுப் படை என்று பிற்காலக் கதைகள் சொல்கின்றன. இன்று பப்பா ராவலைப் பற்றிப் பேசும் பலர் அவருடைய வாழ்க்கையில் வேறெதையும் பேசுவதில்லை. முஸ்லிம்களை விரட்டியடித்த வீரர் என்பதே அவருக்கு அவர்கள் வைத்த ஒரே பெயர். பசுவும் இல்லை, ஊஞ்சலும் இல்லை, பில் தோழனும் இல்லை. வாசிக்க வாசிக்க எனக்கு மனம் கசந்தது. வேறொரு பெயரை எடுக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். கசப்பை ஒதுக்கிவைத்துவிட்டுச் சான்றுகளைப் பார்க்குமாறும், பார்த்த பின்னும் மாற்ற விரும்பினால் மாற்றித் தருவதாகவும் டீச்சர் சொன்னார்.

சான்று தேடிப் போன இடத்தில் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். அரபியர் ஏன் சிந்துவுக்கு வந்தார்கள்? ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பலாதுரி என்ற அரபு வரலாற்றாசிரியர் தமது ஃபுதூஹுல் புல்தான் என்ற நூலில் அதற்கொரு காரணம் சொல்கிறார். மாணிக்கத் தீவின் அரசன், தன் நாட்டில் பிறந்த முஸ்லிம் பெண்பிள்ளைகள் சிலரைக் கப்பலேற்றி ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் அனுப்பினான். அவர்களின் தந்தையர் வணிகர்கள். அந்தத் தீவிலேயே இறந்துபோனவர்கள். சிந்துக் கரையில் தேபல் துறைமுகத்துக்கு அண்மையில் கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தனர். அவர்களை விடுவிக்குமாறு ஹஜ்ஜாஜ் சிந்து மன்னன் தாஹிருக்கு எழுதினார். கொள்ளையர் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தாஹிர் பதிலளித்தான். அதன்பின்னரே படைகள் புறப்பட்டன. 712 இல் முஹம்மத் பின் காசிம் சிந்துவை வென்றார்.

மாணிக்கத் தீவு என்பது எங்கள் இலங்கை. வாப்பாமாரை இந்த மண்ணில் அடக்கம் செய்துவிட்டுக் கப்பலேறிய அந்தப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களைக் கேட்டு யாரும் வரலாறு எழுதவில்லை. எங்கோ இராஜஸ்தானத்து மலைக்காட்டில் தந்தையை இழந்த ஒரு சிறுவனின் கதையோடு, இங்கே தந்தையரை இழந்த பெண்பிள்ளைகளின் கதை இப்படி வந்து முட்டும் என்று நான் நினைக்கவில்லை. துண்டை மாற்றித் தரும்படி பிறகு நான் கேட்கவில்லை.

சிந்து வெற்றிக்குச் சில ஆண்டுகளின் பின், கலீஃபா ஹிஷாமின் காலத்தில் சிந்துவின் ஆளுநராயிருந்த ஜுனைத் கிழக்கே பல இடங்களுக்குப் படை அனுப்பினார். உஜ்ஜைன்வரை படை சென்றதாகப் பலாதுரி எழுதுகிறார். அவருக்குப் பின் வந்த ஆளுநர் காலத்தில் முஸ்லிம் படைகள் இந்தியாவின் சில பகுதிகளிலிருந்து பின்வாங்கியதையும் அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். குஜராத்தின் நவசாரியில் கிடைத்த 739 ஆம் ஆண்டுச் செப்பேடு, தாஜிகர் எனப்பட்ட அரபியர் சைந்தவர், சௌராஷ்டிரர், மௌரியர், கூர்ஜரர் முதலியோரை வென்று வந்ததையும், இறுதியில் சாளுக்கியத் தளபதி புலகேசியிடம் தோற்றதையும் கூறுகிறது. அந்த மௌரியர் சித்தோரின் மோரிகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பிரதிகார மன்னன் நாகபடனும் அந்நியப் படையொன்றைத் தடுத்ததாகக் குவாலியர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆக, போர்கள் நடந்தது உண்மை. ஆனால் அக்காலத்துக்குரிய இந்தச் சான்றுகளில் பப்பாவின் பெயர் இல்லை. புயலுக்குப் பின் தளர்ந்துபோன மோரிகளின் கோட்டையைக் குஹிலர் கைப்பற்றியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். அதற்கு மேல் சொல்ல இடமில்லை.

பிறகு கற்களிடம் போனேன். 646 ஆம் ஆண்டைச் சேர்ந்த சாமோலிக் கல்வெட்டில் சீலாதித்தன் என்ற குஹில மன்னன் வருகிறான். 661 ஆம் ஆண்டு நாக்தாக் கல்வெட்டில் அபராஜிதன் வருகிறான். அப்படியென்றால் கதை சொல்லும் காலத்துக்கு முன்பே குஹிலர் அங்கே ஆண்டுகொண்டிருந்தார்கள். 713 இல் சித்தோரில் மான் என்ற மோரி மன்னன் இருந்ததை இன்னொரு கல்வெட்டு காட்டுகிறது. பப்பாவின் பெயர் கல்லில் துலக்கமாக வருவது 971 இல்தான். ஏகலிங்கர் கோயில் வளாகத்திலுள்ள அந்தக் கல்வெட்டு, நாக்தாவை ஆண்ட குஹில மன்னர்களிடையே நிலவு போன்றவர் என்று அவரைக் கூறுகிறது. ஆறே ஆண்டுகள் கழித்து, 977 இல் வெட்டப்பட்ட ஆட்பூர்க் கல்வெட்டு குஹதத்தன் முதல் சக்திகுமாரன் வரை இருபது மன்னர்களை வரிசைப்படுத்துகிறது. அதில் பப்பா இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஹாரீதர் அவருக்குப் பொற்காப்பு அருளி அரசு கொடுத்த கதை வந்துவிடுகிறது. 1439 ஆம் ஆண்டு ரணக்பூர்க் கல்வெட்டு குஹிலனுக்கும் முன்னால் அவரை வைக்கிறது. கோயில் வரலாறான ஏகலிங்க மகாத்மியம் அதே பதினைந்தாம் நூற்றாண்டில், ராணா கும்பாவின் காலத்தது. நிகழ்ச்சிக்கும் அந்த ஏட்டுக்கும் இடையே ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள்!

இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் கலையைப் படித்தபோது, ஒரு செய்தியை ஏற்குமுன் அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று சங்கிலியின் கடைசி வளையம்வரை பார்க்க வேண்டும் என்று கற்றோம். அந்தப் பழக்கம் இங்கே எனக்குக் கைகொடுத்தது. பப்பாவின் கதையில் சங்கிலி பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. அதனால்தான் அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. கௌரிசங்கர் ஹீராசந்த் ஓஜா, ஆட்பூர் வரிசையில் எட்டாவதாக வரும் காலபோஜனே பப்பா என்றார். தேவதத்த ராமகிருஷ்ண பண்டார்கர், அவனுக்கு அடுத்து வரும் கும்மாணனே பப்பா என்றார். வொப்ப என்ற பெயரும் பசுவும் கன்றும் பொறித்த ஒரு தங்கக் காசை ஓஜா பப்பாவினுடையது என்று கொண்டார். அதை ஏற்காதவர்களும் உண்டு.

இதையெல்லாம் எழுதியபோது ஒரு கவலை வந்தது. கதையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கடைசியில் மனிதரையே இல்லாமலாக்கிவிடுகிறேனோ? அன்றிரவு வீட்டில் வாப்பாவின் பேச்சு வந்தது. நான் பிறந்த வருடம் எங்கள் ஊரில் பெருவெள்ளம் வந்தது. வாப்பா தோணியில் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். வாப்பும்மா அந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் பதினைந்து பேர். சாச்சா சொல்லும்போது இருபது. பள்ளிவாசலடியில் ஒருவர் எனக்கு முப்பது என்று சொல்லியிருக்கிறார். அன்றுதான் முதன்முறையாக உம்மாவைத் தனியே அழைத்துச் சரியான கணக்கைக் கேட்டேன். உம்மா சற்று யோசித்துவிட்டு மூன்று என்றார். மூவரின் பெயரையும் சொன்னார். ஒருவர் இன்றும் எங்கள் வீதியில்தான் இருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. ஏமாற்றத்தால் அல்ல. முப்பது பேரைக் காப்பாற்றியவர் யாரோ ஒரு கதாநாயகர். மூன்று பேரைக் காப்பாற்றியவர் என் வாப்பா. கணக்கு குறைந்ததும் அவர் எனக்கு அருகில் வந்துவிட்டார். கூட்டிச் சொன்னவர்களிலும் பொய்யர் இல்லை. அவர்கள் அன்பைத்தான் எண்ணிக்கையாகச் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்து நான் இன்னொருவருடைய வாப்பாவைத் தாழ்த்தப் போனால் அது அநியாயம்.

பப்பா ராவலையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். நாக்தாவில் ஒரு குஹிலத் தலைவர் ஆண்டார். அவர் பெயர் சொல்லும்போது மக்கள் தந்தை என்றார்கள். இறந்து இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் கல்லில் அவரை நிலவு என்றார்கள். இவ்வளவு போதும் என்று எனக்குப் பட்டது. பசுவும் துறவியும் ஊஞ்சலும் இரத்தத் திலகமும், அந்த மக்கள் தங்கள் தந்தையிடம் எதையெல்லாம் விரும்பினார்கள் என்பதற்குச் சாட்சி.

அவருடைய முடிவைப் பற்றியும் இரண்டு கதைகள் உள்ளன. கோயில் மரபு, 753 இல் அவர் மகனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டார் என்கிறது. டொட் கேட்ட கதை வேறு. முதுமையில் அவர் நாட்டையும் பிள்ளைகளையும் விட்டு மேற்கே குராசானுக்குப் போனார். அங்கே அந்நாட்டுப் பெண்களை மணந்து, பல பிள்ளைகளுக்குத் தந்தையானார். நூறு வயதில் இறந்தார். உடலை எரிக்க வேண்டும் என்று இந்துக்களும், அடக்கம் செய்ய வேண்டும் என்று மற்றவர்களும் வாதிட்டார்கள். இறுதியில் மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கினால், உடல் இருந்த இடத்தில் தாமரை மலர்கள் மட்டுமே கிடந்தன.

கபீரைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுவதால் இது நடந்ததென்று நான் வாதிடமாட்டேன். ஆனால் மேவாரின் பாணர்களே இக்கதையைக் காத்துவந்தார்கள் என்பதை நான் மறக்கமாட்டேன். முஸ்லிம்களின் பகைவர் என்று மட்டும் இன்று பலர் அறிமுகப்படுத்தும் அந்த மனிதரை, அவருடைய சொந்த மக்களின் கதை குராசானியர் நடுவே முதுமையைக் கழிக்க வைத்தது. அவர்களும் அவரைத் தங்களவர் என்று உரிமை கோரினார்கள் என்றது. பிற்காலத்திலும் மேவார் அப்படித்தான் இருந்தது. 1576 இல் ஹல்திகாட்டிப் போரில் மகாராணா பிரதாபின் முன்னணிப் படையை நடத்தியவர் ஹக்கீம் கான் சூர் என்ற ஆப்கானியர். எதிரே அக்பரின் படையை நடத்தியவர் மான் சிங் என்ற இராஜபுத்திரர். பிரதாபின் பக்கத்தில் பில் வீரர்களும் வில்லோடு நின்றார்கள்.

ராவல் என்ற பட்டம் 1303 இல் அலாவுதீன் கில்ஜி சித்தோரைக் கைப்பற்றியதோடு ஆட்சியிழந்தது. அந்த முற்றுகையோடு பிற்காலக் காவியம் இணைத்த பத்மினியை இலங்கை இளவரசி என்கிறார்கள். அவளும் கதையில் பிறந்தவள்தான். சில பத்தாண்டுகளின் பின் கிளை மரபில் வந்த ஹம்மீர் கோட்டையை மீட்டு ராணா என்ற பட்டத்தோடு ஆண்டார். பட்டம் மாறினாலும் முதல் தந்தையை அவர்கள் மாற்றவில்லை.

ஒப்படையை இரண்டு பகுதியாக எழுதிக் கையளித்தேன். ஒரு பகுதியில் மக்கள் சொன்னவை. மறு பகுதியில் கற்கள் சொன்னவை. முதல் பகுதி ஒன்பது பக்கம் வந்தது. இரண்டாவது ஒன்றரைப் பக்கம்தான். டீச்சர் இரண்டையும் வாசித்துவிட்டு, அந்த ஒன்றரைப் பக்கத்தின் கீழே மட்டும் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார். கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவிடம் காட்டினேன். உம்மா பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இது யாருடைய வாப்பா என்று கேட்டார். மேவார் மக்களுடையவர் என்று சொன்னேன்.